பழைய லேப்டாப்பின் மந்தம் எங்கே இருக்கிறது?

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு எல்காட் நிறுவனம் வழியாக வாங்கிக் கொடுக்கப்பட்ட லேப்டாப்களின் எண்ணிக்கை பின்னர் 50 லட்சத்தைத் தாண்டியது. வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தாயும் தகப்பனும் பட்டாசு ஆலை வேலைக்குப் போகும் பல வீடுகளுக்குள் முதன்முதலாக நுழைந்த கம்ப்யூட்டர் அதுதான். தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் 2 ஜிபி ரேமும் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. பிறகு வந்தவற்றில் 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்.

அந்த லேப்டாப்களில் பல இன்று பீரோவுக்கு மேலே பையோடு கிடக்கின்றன. சில பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. பட்டனை அழுத்தி முகப்புத் திரை வர ஐந்து நிமிடம், ஒரு ஃபோல்டரைத் திறக்க அரை நிமிடம் என்று ஆனதும், "இதுக்கு வயசாயிருச்சு" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். சிவகாசி அச்சகங்களில் காலண்டரும் லேபிளும் வடிவமைக்கும் பழைய டெஸ்க்டாப்புக்கும், பட்டாசுக் கடையில் டேலியில் கணக்கு எழுதும் கம்ப்யூட்டருக்கும் இதே தீர்ப்புதான் கிடைக்கிறது.

பெரும்பாலான சமயம் இந்தத் தீர்ப்பு தவறானது. ப்ராசசர் என்பது தேய்ந்துபோகும் பொருள் அல்ல. பத்து ஆண்டுகளுக்கு முன்பு விநாடிக்கு 200 கோடி துடிப்புகளில் இயங்கிய சிப், தூசி அடைத்துச் சூடாகாமல் பார்த்துக்கொண்டால், இன்றும் அதே வேகத்தில்தான் இயங்கும். மென்பொருள்கள் கனத்துவிட்டன என்பது உண்மை. ஆனால் அந்தக் கனம் முதலில் போய் அமர்வது ப்ராசசரின் மேல் அல்ல, ஹார்ட் டிஸ்க்கின் மேல். அந்த ஒரு பாகத்தைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி எனப்படும் திடநிலை நினைவகத்தை மாட்டினால், அதே லேப்டாப் அரை நிமிடத்துக்குள் தயாராகி நிற்கும். ஏன் இப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்தக் கம்ப்யூட்டருக்குச் செலவு செய்யலாம், எதற்குக் கூடாது என்பதும் தானாகவே தெளிவாகும்.

காத்திருப்பின் கணக்கு

ஹார்ட் டிஸ்க்கின் மூடிக்குள் கண்ணாடி போல மின்னும் ஒன்று அல்லது இரண்டு வட்டத் தட்டுகள் இருக்கும். அவற்றின் மேல் காந்தப் பூச்சு. தட்டு சுழலும்போது, ஒரு சிறு கையின் நுனியில் உள்ள காந்தத் தலை, பரப்பைத் தொடாமல் சில நானோ மீட்டர் உயரத்தில் மிதந்தபடி தகவலைப் படிக்கும், எழுதும். இந்த ஏற்பாட்டின் மூதாதை 1956ல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ரேமாக் கம்ப்யூட்டரில் இருந்தது. ஒவ்வொன்றும் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், எடை ஏறத்தாழ ஒரு டன், கொள்ளளவோ 5 எம்பிக்கும் குறைவு. இன்று உள்ளங்கையில் அடங்கும் ஹார்ட் டிஸ்க் அதைப்போலப் பல லட்சம் மடங்கு கொள்கிறது. கொள்ளளவு இப்படி வளர்ந்தும், தலை நகர வேண்டும், தட்டு சுற்ற வேண்டும் என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். அதாவது விநாடிக்கு 90 சுற்று, ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. தேவைப்படும் தகவல் தலைக்குக் கீழே வர, சராசரியாக அரைச் சுற்று, ஐந்தரை மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன் தலை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்குச் சுமார் 12 மில்லி விநாடி. ஆக, எங்கோ ஓரிடத்தில் இருக்கும் ஒரு சிறு துண்டுத் தகவலை எடுக்க 17 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. விநாடிக்கு ஏறக்குறைய 60 துண்டுகள். ஒரு துண்டு 4 கேபி என்றால், இந்த முறையில் விநாடிக்குக் கிடைப்பது கால் எம்பி கூட இல்லை. ஒரு திரைப்படத்தைப் போல வரிசையாக அடுக்கிய கோப்பைப் படிக்கும்போது இதே டிஸ்க் விநாடிக்கு 100 எம்பி தரும். சிதறிக் கிடப்பதைப் பொறுக்கும்போதுதான் முடங்கிப்போகிறது.

கம்ப்யூட்டர் பூட் ஆகும்போது நடப்பது முழுக்க இந்தப் பொறுக்கல்தான். விண்டோஸ் எழுந்து நிற்க ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் வேண்டும். அவை தட்டின் வெவ்வேறு மூலைகளில் இருக்கும். கணக்குக்கு 20,000 துண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 60 வீதம் எடுத்தால் ஐந்தரை நிமிடம். அசையும் பாகமே இல்லாத எஸ்எஸ்டிக்கு ஒரு துண்டை எடுத்துத் தர 0.1 மில்லி விநாடி போதும் என்பதால், அதே 20,000 துண்டுகளுக்கு 2 விநாடி. நடைமுறையில் விண்டோஸ் கோப்புகளை முன்கூட்டியே வரிசைப்படுத்தி இந்தக் காத்திருப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். ஆனாலும் இடைவெளி மலைக்கும் மடுவுக்குமானதுதான்.

தலை நகர்ந்து தட்டு சுற்றிவரும் அந்த 17 மில்லி விநாடிக்குள், 200 கோடித் துடிப்பு ப்ராசசர் 3 கோடியே 40 லட்சம் துடிப்புகளைச் செலவழித்துவிடும். அத்தனையும் வெறும் காத்திருப்பு. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ப்ராசசர் 10 சதவீதத்திலும் டிஸ்க் 100 சதவீதத்திலும் நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். உங்கள் கம்ப்யூட்டரிலும் அப்படி இருந்தால், நோய் எங்கே என்று கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது. வருடங்கள் போகப் போகக் கோப்புகள் மேலும் சிதறும். பின்னணியில் அப்டேட்டும் ஆன்டிவைரஸும் அதே தலையைத் தங்கள் பக்கம் இழுக்கும். தட்டின் பரப்பில் பழுதான இடங்கள் தோன்றினால் ஒரே துண்டைப் பலமுறை படிக்க வேண்டியிருக்கும். "வயசாயிருச்சு" என்று சொல்வதன் பெரும்பகுதி இதுதான்.

காப்புப் பொருளில் தங்கும் மின்னேற்றம்

எஸ்எஸ்டி எப்படித் தகவலை வைத்துக்கொள்கிறது? இந்தக் கேள்விக்கான விடையின் பாதி வெம்பக்கோட்டைக்காரர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

பட்டாசு ஆலைகளில் மருந்து கையாளும் அறைக்குள் நைலான், பாலியஸ்டர் உடையோடு போகக் கூடாது, பருத்திதான் உடுத்த வேண்டும். உள்ளே நுழைவதற்கு முன் வாசலில் தரையோடு இணைத்து வைத்திருக்கும் செம்புத் தகட்டில் கை வைத்துவிட்டுப் போக வேண்டும். இதற்குக் காரணம் நிலை மின்சாரம். இரண்டு பொருள்கள் உரசிப் பிரியும்போது எலக்ட்ரான்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடும். உலோகத்தில் அப்படி வந்த மின்னேற்றம் வழி கிடைத்ததும் ஓடிவிடும். நைலான், ரப்பர், பிளாஸ்டிக் போன்ற காப்புப் பொருளில் ஓட வழியில்லாமல் அங்கேயே தங்கும். காற்று வறண்டிருந்தால் இன்னும் நீண்ட நேரம் தங்கும். மழை குறைந்த இந்த வறண்ட வானிலைதான் தீப்பெட்டியையும் பட்டாசையும் இந்த வட்டாரத்தில் வேரூன்ற வைத்தது. அதே வறட்சிதான் நிலை மின்சாரத்தையும் எளிதில் கலைய விடாது. தேங்கிய மின்னேற்றம் ஒரு கணத்தில் பொறியாகப் பாய்ந்தால் மருந்து பற்றிக்கொள்ளும். இந்த மண்ணில் விபத்தில் உறவுகளை இழந்த குடும்பங்களுக்கு அந்தச் செம்புத் தகட்டின் மதிப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை.

காப்புப் பொருளால் சூழப்பட்ட மின்னேற்றம் எளிதில் வெளியேறாது. ஆலையில் ஆபத்தாக நிற்கும் இதே இயல்பு, எஸ்எஸ்டியில் நினைவாற்றலாக மாறுகிறது. எஸ்எஸ்டியின் சிப்புக்குள் கோடானுகோடி நுண்ணிய அறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையும் ஒரு டிரான்சிஸ்டர். அதற்குள் நாற்புறமும் காப்புப் பூச்சால் மூடப்பட்ட ஒரு சிறு திட்டு. அந்தத் திட்டுக்குள் எலக்ட்ரான்களை அடைத்தால் ஒரு நிலை, காலியாக விட்டால் இன்னொரு நிலை. ஒன்று 0, மற்றது 1. மின்சாரத்தை நிறுத்தினாலும் அடைபட்ட எலக்ட்ரான்கள் அங்கேயே இருக்கும். திட்டில் எலக்ட்ரான்கள் இருந்தால் டிரான்சிஸ்டரைத் திறக்கக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படும். அந்த வேறுபாட்டை அளந்தே தகவல் படிக்கப்படுகிறது. சுழல ஒன்றுமில்லை, நகர ஒன்றுமில்லை, காத்திருப்பும் இல்லை.

சுவரை ஊடுருவும் எலக்ட்ரான்

நாற்புறமும் காப்புச் சுவர் என்றால் எலக்ட்ரான் உள்ளே போனது எப்படி? நம் அன்றாட அனுபவத்தில் இதற்கு விடை இல்லை, குவாண்டம் இயற்பியலில் இருக்கிறது. எலக்ட்ரான் துகளாக மட்டுமின்றி அலையாகவும் நடந்துகொள்ளும். சுவர் போதுமான அளவு மெல்லியதாக இருந்தால், அந்த அலையின் ஒரு சிறு பகுதி மறுபக்கத்திலும் இருக்கும். அதாவது, தாண்டிச் செல்லப் போதிய ஆற்றல் இல்லாத எலக்ட்ரானும் சில சமயம் சுவரை ஊடுருவி மறுபக்கம் போய்விடும். சிப்பில் உள்ள காப்புப் பூச்சின் தடிமன் 10 நானோ மீட்டருக்கும் குறைவு. அறைக்கு 20 வோல்ட் அளவில் மின்னழுத்தம் கொடுத்தால், எலக்ட்ரான்களின் கண்ணுக்கு அந்தச் சுவர் இன்னும் மெலிந்துவிடும், அவை உள்ளே பாயும். மின்னழுத்தத்தைத் திசை மாற்றிக் கொடுத்தால் வெளியேறும். மின்னழுத்தமே இல்லாவிட்டால் சுவர் சுவராகவே நிற்கும்.

வலிமையான மின்புலத்தில் உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் இப்படி வெளியேறுவதை 1928ல் கணக்கிட்டுச் சொன்னவர்கள் ரால்ஃப் ஃபவுலர், லோதர் நோர்ட்ஹைம் என்ற இருவர். இந்த ஃபவுலர் தமிழர்களுக்கு அந்நியர் அல்ல. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930ல் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகருக்குக் கேம்பிரிட்ஜில் ஆய்வு வழிகாட்டியாக இருந்தவர் அவர்தான். வெண் குறுமீன்கள் என்ற ஒடுங்கிய விண்மீன்கள் ஏன் தம் எடையாலேயே நசுங்கிவிடுவதில்லை என்பதைக் குவாண்டம் இயற்பியலைக் கொண்டு 1926ல் விளக்கியவரும் அவரே. அந்தக் கட்டுரையிலிருந்து புறப்பட்டுச் சந்திரசேகர் கண்ட எல்லைதான் 1983ல் நோபல் பரிசு வரை அவரைக் கொண்டு சென்றது. விண்மீன்களின் முடிவையும் லேப்டாப்பின் நினைவகத்தையும் ஒரே மனிதரின் இரண்டு ஆய்வுகள் தொடுகின்றன.

ஃபவுலரும் நோர்ட்ஹைமும் எழுதிய சமன்பாடு கருவியாக மாற நாற்பது ஆண்டுகள் பிடித்தன. 1967ல் பெல் ஆய்வகத்தின் டாவோன் காங், சைமன் சே இருவரும் மின்னேற்றத்தைச் சிறைவைக்கும் டிரான்சிஸ்டரை முன்வைத்தார்கள். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1984ல் ஃப்ளாஷ் நினைவகத்தையும், 1987ல் அதன் நெருக்கமான வடிவமான நாண்ட் ஃப்ளாஷையும் உலகுக்கு அறிமுகம் செய்தார். பென்டிரைவ், மெமரி கார்டு, செல்போன், எஸ்எஸ்டி எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது இந்த நாண்ட்தான்.

எழுத எளிது, அழிக்கச் சிரமம்

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு முறை எழுதும்போதும் அழிக்கும்போதும் எலக்ட்ரான்கள் காப்புச் சுவருக்குள் புகுந்து போகின்றன. போகும் வழியில் சுவரில் சிறு சிறு சிதைவுகளை விட்டுச் செல்கின்றன. பல நூறு அல்லது சில ஆயிரம் முறை எழுதி அழித்த பிறகு அந்த அறை எலக்ட்ரானைப் பிடித்துவைக்கும் திறனை இழக்கும். ஓர் அறையில் ஒரே ஒரு பிட் வைத்தால் இரண்டு நிலைகளைப் பிரித்தறிந்தால் போதும். விலையைக் குறைக்க இன்று பெரும்பாலும் மூன்று பிட் வைக்கிறார்கள். அதற்கு எட்டு நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். நான்கு பிட் என்றால் பதினாறு நிலைகள். நிலைகள் நெருங்க நெருங்கச் சிறு கசிவும் பிழையாகும், ஆயுளும் குறையும்.

இன்னொரு சிரமமும் இருக்கிறது. சிப்பில் சிறு சிறு பக்கங்களாக எழுதலாம், ஆனால் அழிப்பதென்றால் பல பக்கங்கள் சேர்ந்த ஒரு முழுத் தொகுதியைத்தான் அழிக்க முடியும். வகுப்பறைக் கரும்பலகையில் வரி வரியாக எழுதலாம், ஆனால் ஒரு சொல்லைத் திருத்தவும் முழுப் பலகையையும் துடைத்தாக வேண்டும் என்றால் எப்படியோ அப்படி. அதனால் எஸ்எஸ்டிக்குள் கன்ட்ரோலர் என்ற தனிச் சிப் இருந்து, புதிய தகவலைக் காலி இடத்தில் எழுதி, பழையதைச் செல்லாததாகக் குறித்து, ஓய்வு நேரத்தில் சுத்தம் செய்கிறது. எந்த அறையும் மற்றதைவிட அதிகம் தேயாமல் எழுத்தைப் பரப்பிவிடுவதும் அதுவே. ஒரு கோப்பு நீக்கப்பட்டதை ட்ரிம் என்ற கட்டளை வழியாக விண்டோஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்லும். இந்த வசதி விண்டோஸ் 7 முதல் உண்டு.

அப்படியானால் எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடுமா? வீட்டுப் பயன்பாட்டுக்கான 240 அல்லது 250 ஜிபி எஸ்எஸ்டியில் 80 முதல் 150 டெராபைட் வரை எழுதலாம் என்று தயாரிப்பாளர்கள் உறுதி தருவது வழக்கம். குறைந்த அளவான 80 டெராபைட்டையே எடுத்துக்கொண்டாலும், நாளுக்கு 20 ஜிபி வீதம் எழுதினால் 4,000 நாள், கிட்டத்தட்ட 11 ஆண்டு வரும். படிப்புக்கும் கணக்குக்கும் பயன்படும் கம்ப்யூட்டர் ஒரு நாளில் 20 ஜிபி எழுதுவது அரிது. எழுதித் தேய்ப்பதற்கு முன்பே கம்ப்யூட்டரின் மற்ற பாகங்கள் ஓய்ந்துவிடும்.

உங்கள் கம்ப்யூட்டருக்குப் பொருந்துமா?

அரசு லேப்டாப்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது இரண்டரை அங்குல சாட்டா ஹார்ட் டிஸ்க். அதே அளவில், அதே இணைப்பில் எஸ்எஸ்டி கிடைக்கிறது. பழைய டிஸ்க் ஒன்பதரை மில்லி மீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7 மில்லி மீட்டர் என்றிருந்தால் உள்ளே ஆடாமல் இருக்க ஒரு சட்டமோ மெல்லிய அட்டையோ வைத்தால் போதும். மிகப் பழைய லேப்டாப்பில் சாட்டாவின் இரண்டாம் தலைமுறை இருக்கலாம். அதில் எஸ்எஸ்டியின் உச்ச வேகம் விநாடிக்கு 550 எம்பி அளவிலிருந்து 280 எம்பி அளவுக்கு இறங்கிவிடும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். மந்தத்துக்குக் காரணம் உச்ச வேகம் அல்ல, துண்டு துண்டாகத் தேடும் நேரம். அந்த ஆதாயம் பழைய இணைப்பிலும் கிட்டத்தட்ட முழுதாகக் கிடைக்கும்.

சற்றே புதிய லேப்டாப்களில் எம்.2 என்ற சிறு பட்டை வடிவத் துளை இருக்கும். அந்த வடிவிலேயே சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு, ஒன்று மற்றதன் இடத்தில் வேலை செய்யாமல் போகலாம். மாடல் எண்ணைக் கடைக்காரரிடம் காட்டி உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள். அகலமான பட்டை கேபிளோடு வரும் ஐடிஇ டிஸ்க் காலத்துக் கம்ப்யூட்டராக இருந்தால் செலவு செய்ய வேண்டாம்.

ரேமையும் பாருங்கள். 2 ஜிபி ரேம் மட்டும் இருந்தால், இடம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கையே ரேம் போலப் பயன்படுத்தும். எஸ்எஸ்டி அந்தத் தவிப்பைக் குறைக்குமே தவிரத் தீர்க்காது. எஸ்எஸ்டியோடு ரேமை 4 அல்லது 8 ஜிபியாக உயர்த்தினால்தான் செலவு முழுப் பலன் தரும். அச்சக வடிவமைப்பாளர்களுக்கு ஆதாயம் இரு வழியில் வரும். 1 ஜிபி அளவுள்ள காலண்டர் கோப்பு திறக்க ஹார்ட் டிஸ்க்கில் 10 விநாடி என்றால் எஸ்எஸ்டியில் 2 விநாடி. ரேம் நிரம்பி மென்பொருள் டிஸ்க்கில் தற்காலிகக் கோப்பு எழுதும்போதும் கம்ப்யூட்டர் உறைந்து நிற்காது.

கொள்ளளவு விஷயத்தில் ஆசைப்பட வேண்டாம். விண்டோஸும் தேவையான மென்பொருளும் வைக்க 240 அல்லது 256 ஜிபி போதும். படமும் வீடியோவும் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கட்டும். சிடி டிரைவைக் கழற்றிய இடத்தில் கேடி என்ற சட்டத்தை வைத்து ஹார்ட் டிஸ்க்கை அதில் மாட்டலாம், அல்லது யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டு வெளியே வைத்துக்கொள்ளலாம். பெயர் தெரியாத நிறுவனத்தின் மிக மலிவான எஸ்எஸ்டியைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளே இருப்பதைவிட அதிகக் கொள்ளளவைக் காட்டும் போலிகள் சந்தையில் உண்டு. பில்லும் மூன்று ஆண்டு வாரண்டியும் உள்ளதை வாங்குவதே நல்லது.

மாற்றும் முறை

முதல் வேலை, முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுப்பது. பழைய டிஸ்க் "டிக் டிக்" என்று சத்தம் போட்டால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. பிறகு இரண்டு வழிகள். எஸ்எஸ்டியை யுஎஸ்பி-சாட்டா கேபிளில் இணைத்து, பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்யலாம். அல்லது எஸ்எஸ்டியை மாட்டிவிட்டுப் புதிதாக விண்டோஸோ லினக்ஸோ நிறுவலாம். பல ஆண்டுகளின் வைரஸும் தேவையற்ற மென்பொருளும் சேர்ந்துபோன கம்ப்யூட்டருக்கு இரண்டாவது வழிதான் உத்தமம்.

லேப்டாப்பைத் திறக்கும் முன் சார்ஜரைப் பிடுங்குங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தையும் வடியவிடுங்கள். அடுத்து, ஆலை வாசலில் செய்வதையே இங்கும் செய்ய வேண்டும். தரையோடு தொடர்புள்ள, பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டு உடம்பிலுள்ள மின்னேற்றத்தை இறக்கிவிட வேண்டும். பருத்தி உடை நல்லது. பாலியஸ்டர் துணி, கம்பளம், பிளாஸ்டிக் பாய் மேல் வைத்து வேலை செய்யக் கூடாது. விரல் நுனியில் "சுரீர்" என்று நாம் உணரும் பொறி சுமார் 3,000 வோல்ட்டுக்கு மேல். சிப்புகளில் சில, 100 வோல்ட் அளவிலேயே பழுதாகும். அதாவது நமக்குத் தெரியாமலே நாம் சிப்பைக் கெடுத்துவிட முடியும். எஸ்எஸ்டியை அதன் ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், தங்க நிற முனைகளில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டிய பிறகு பயாஸில் சாட்டா அமைப்பு ஏஎச்சிஐ முறையில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். குளோன் செய்திருந்தால், விண்டோஸ் தயாராக இல்லாத நிலையில் இதை மாற்றினால் பூட் ஆகாமல் போகலாம். அப்போது சர்வீஸ் கடையில் விடுவது மேல். ஹார்ட் டிஸ்க்குக்குச் செய்துவந்த டிஃப்ராக்மென்ட் வேலை எஸ்எஸ்டிக்கு வேண்டாம். தலையும் தட்டும் இல்லாத இடத்தில் வரிசைப்படுத்தி ஆவது ஒன்றுமில்லை, அறைகள் வீணாகத் தேய்வதுதான் மிச்சம். இடத்தை முழுதாக நிரப்பிவிடாமல், ஐந்தில் ஒரு பங்காவது காலியாக விடுங்கள். கன்ட்ரோலர் தன் வேலையைச் செய்ய அந்தக் காலியிடம் வேண்டும்.

எஸ்எஸ்டியால் ஆகாதவை

எஸ்எஸ்டி ப்ராசசரை வேகமாக்காது. வீடியோ எடிட்டிங், கனமான விளையாட்டு, மெதுவான இன்டர்நெட் இவற்றில் மாற்றம் தெரியாது.

எஸ்எஸ்டியில் சேமித்ததைப் பல ஆண்டு பூட்டி வைக்கவும் முடியாது. சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் மிக மெதுவாகக் கசிகின்றன, வெப்பம் கூடக் கூடக் கசிவும் கூடும். எழுத்தாயுள் முடிந்த நிலையிலுள்ள வீட்டு வகை எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு வரை தகவலைக் காக்க வேண்டும் என்பதே ஜெடெக் அமைப்பின் தரவிதி. புதிய எஸ்எஸ்டி அதைவிட நீண்ட காலம் தாங்கும். ஆனால் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கிடக்கும் லேப்டாப்பில் வெப்பம் 30 டிகிரியில் நிற்காது. குடும்பப் புகைப்படங்கள், நிலப் பத்திர நகல்கள், ஜிஎஸ்டி கணக்குகள் இவற்றின் ஒரே பிரதி எஸ்எஸ்டியில் இருக்கக் கூடாது. பழுதாகப்போகும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் சத்தத்தாலும் தாமதத்தாலும் எச்சரிக்கும். எஸ்எஸ்டி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். ட்ரிம் இருப்பதால், தவறி அழித்த கோப்பை மீட்பதும் கடினம். கழற்றிய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதையே காப்புப் பிரதி வைக்கப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, பாதுகாப்பு. விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. 2011, 2015 காலத்து ப்ராசசர்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. எஸ்எஸ்டி போட்டதால் இது மாறாது. இதற்குச் சரியான வழி லினக்ஸ். அரசு லேப்டாப்களில் விண்டோஸோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கியது. உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகியவையும் இலவசம், அப்டேட்டும் வரும், தமிழில் தட்டச்சு செய்யலாம். எஸ்எஸ்டியும் 4 ஜிபி ரேமும் லினக்ஸும் சேர்ந்தால், பிளஸ் டூ மாணவருக்கும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவருக்கும் வேண்டிய எல்லா வேலைக்கும் அந்த லேப்டாப் தாங்கும்.

அரசே இந்தப் பாதைக்கு வந்துவிட்டது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் போன்ற கருவிகள் தருவதாக அறிவித்த தமிழக அரசு, அதற்கான ஒப்பந்தப்புள்ளியில் ஹார்ட் டிஸ்க்கைக் கேட்கவில்லை, 256 ஜிபி எஸ்எஸ்டியைத்தான் கேட்டது. புதிய லேப்டாப்பின் வேகத்தில் பெரும்பங்கு எதிலிருந்து வருகிறதோ அந்தப் பாகம் பழைய லேப்டாப்புக்கும் பொருந்தும்.

ஒரு லேப்டாப் தன் வாழ்நாளில் சுற்றுச்சூழலுக்குத் தரும் சுமையின் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே ஏற்பட்டுவிடுகிறது. ஐந்து ஆண்டு கூடுதலாக உழைக்க வைப்பதைவிடப் பெரிய மின்கழிவு மேலாண்மை இல்லை. ஆகவே வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பெற்றோருக்கும், பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும், சிறு கடை முதலாளிகளுக்கும் என் வேண்டுகோள் இது. பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். திரையும் விசைப்பலகையும் நன்றாக இருந்து, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் தவித்தால், அந்த ஒரு பாகத்தை மாற்றுங்கள். உங்களுக்குத் தேவையில்லை என்றால், உங்கள் கோப்புகளை முழுதாக அழித்துவிட்டு, படிக்கும் பிள்ளை உள்ள ஒரு வீட்டுக்குக் கொடுங்கள்.